மூங்கில்துறைப்பட்டிலிருந்து வந்த டிரம்

வெள்ளிமலை
14.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தமிழழகன் எழுதுகிறேன். நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். ரிஷிவந்தியத்தில் அம்மாவும் நலம்.

பதினாறு வருஷம் கழித்து வரும் கடிதம் ஒரு துணி துவைக்கும் மெஷினைப் பற்றியது. நீங்கள் இதைக் கிழித்துப் போட்டாலும் தப்பில்லை. ஆனால் வேறு வழி தெரியவில்லை.

மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். விடுதிப் பொறுப்பும் என்னிடம்தான். பெண் பிள்ளைகள் பக்கத்தைச் சாலம்மாள் என்பவர் பார்த்துக்கொள்கிறார். இங்கே ஒரு டாக்டர் குடும்பம் கொடுத்த பழைய மெஷின் இருக்கிறது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு, கையால் திருகும் டைமர். முதுகுத் தகட்டில் 1993 என்று இருக்கிறது. இடையில் இரண்டு புது மெஷின் வாங்கினோம். இங்கே கரண்ட் ஏறி இறங்கியதில் இரண்டுக்கும் போர்டு எரிந்துபோயிற்று. இந்தக் கிழம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரையும் தானே சுட வைத்துக்கொள்ளும்.

போன மாதம் கல் ஏற்றிய லாரி போலச் சத்தம் போட ஆரம்பித்தது. விரிப்புகளில் கருப்பாகக் கிரீஸ் மசை ஒட்டுகிறது. அடியில் தண்ணீர் கசிகிறது. அறுபத்திரண்டு பிள்ளைகளில் பத்தொன்பது பேருக்குச் சிரங்கு. மருந்து மட்டும் போதாது, படுக்கைத் துணியை எல்லாம் வெந்நீரில் துவைத்தால்தான் நிற்கும் என்று நர்ஸ் சொல்கிறார்.

கள்ளக்குறிச்சியில் மூன்று கடையில் கேட்டேன். “பழைய இரும்புக்குப் போட்டுடுங்க சார்” என்றார்கள். பஸ் கண்டக்டர் முருகவேல்தான், “துருகம் ரோட்ல ஒரு அக்கா இருக்குறாங்க. பழசுன்னா அவுங்கதான்” என்றார். பெயர் கேட்டேன். சொன்னார்.

இங்கே டவர் கிடைக்காது. கிடைத்தாலும் முதலில் எழுதுவதுதான் சரி என்று பட்டது.

உங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

தமிழழகன்


கள்ளக்குறிச்சி
23.07.2025

தமிழுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமாக இருப்பதாக எழுதியிருந்தாய், சரி. எனக்கு ‘நீங்கள்’ போடாதே. யாருக்கோ போக வேண்டிய கடிதம் மாதிரி இருக்கிறது.

மெஷினை இனிமேல் ஓட்டாதே. பிளக்கைப் பிடுங்கு. கதவைத் திறந்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். ஆட்டம் விரல் அகலம் இருந்தால் பேரிங் போய்விட்டது. பேரிங்குக்குள் தண்ணீர் போகாமல் தடுக்க ஆயில் சீல் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கும். முதலில் போவது அதுதான். பிறகு உள்டிரம்மின் முதுகைப் பார். மூன்று கை நீட்டிய மாதிரி ஓர் அலுமினிய வார்ப்பு இருக்கும், ஸ்பைடர் என்போம். அதில் விரிசல் இருந்தால் வேலை பெரிது. முப்பது வருஷம் சோப்புத் தண்ணீர் அரித்திருக்கும்.

பேரிங்கின் ஓரத்தில் எண் அடித்திருக்கும். துடைத்துவிட்டுப் படித்து எழுது. மெஷினுக்குள் சிமெண்டுக் கட்டி இருக்கும், தூக்கும்போது இடுப்பு ஜாக்கிரதை.

கடை அவருடையதுதான். நின்று வேலை செய்ய அவருக்கு முடியாமல் போனதால் நான் கற்றுக்கொண்டேன். அவர் உட்கார்ந்தபடி மோட்டாருக்குக் காயில் சுற்றுவார். கழற்றி மாட்டுவது நான். ஒரே பெண், தனுஷா. பத்தாவது படிக்கிறாள்.

வேறு ஒன்றுமில்லை.

அம்சவள்ளி


வெள்ளிமலை
31.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, மாமா, தனுஷா எல்லோரும் நலம்தானே. தனுஷா என்ற பெயரை இன்றுதான் முதல்முறை எழுதுகிறேன்.

நீ சொன்னபடி பிரித்தோம். நானும் சாலம்மாளும் ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினோம். “இது பொட்டியா, மாட்டு வயிறா, உள்ள போய்க்கினே இருக்குதே” என்றார் சாலம்மாள். பேரிங் இரண்டு. பெரியதில் 6206, சின்னதில் 6205. பெரியதன் குண்டுகள் பொடியாகி விழுந்தன. சீலில் இருந்த எண் தேய்ந்துவிட்டது. உள்வட்டம், வெளிவட்டம், கனம் மூன்றையும் அளந்து தனித்தாளில் வரைந்திருக்கிறேன். நீ பயந்ததுதான் நடந்திருக்கிறது. மூன்று கையில் ஒரு கை அடியோடு உடைந்திருக்கிறது. இன்னொன்றில் விரல் நகம் போகும் அளவு விரிசல்.

இப்போதைக்கு அண்டாவில் வெந்நீர் வைத்து விரிப்புகளை அலசுகிறோம். அறுபத்திரண்டு பேருக்கு அது போதவில்லை.

அப்பா தவறியது உனக்குத் தெரிந்திருக்கும். மூன்று வருஷம் ஆகிறது. உனக்குச் சொல்லியனுப்பக் கூடாது என்று பெரியப்பா சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறது. நீ கேட்கவில்லை, நானாக எழுதுகிறேன்.

தமிழழகன்


கள்ளக்குறிச்சி
12.08.2025

தமிழுக்கு,

எல்லோரும் சுகம். அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காக விடச் சொல். அப்பா போனது பேப்பரில் வந்த படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பேரிங் இரண்டும் பம்புசெட் சாமான் கடையிலேயே கிடைத்துவிட்டது. சீல் அந்த அளவில் இல்லை. வெளிவட்டம் பொருந்துகிற ஒன்றை வாங்கி, உள்ளே புஷ் என்று ஓர் உலோக வளையம் கடைந்து போடலாம் என்று அவர் சொல்கிறார். லேத்தில் கொடுத்திருக்கிறோம்.

ஸ்பைடர்தான் இல்லை. அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. பழைய இரும்புக் கடை ஏழில் தேடினேன். கடைசியில் ஒருவர் சொல்லி மூங்கில்துறைப்பட்டுக்குப் போனோம். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் இதே மெஷின், இதே வருஷம். அவர் இறந்துவிட்டார். அவர் மனைவி கொளஞ்சியம்மாள்தான் இருக்கிறார். மெஷின் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. மண்டியிட்டுக் கதவுக்குள் டார்ச் அடித்தேன். உள்ளே ஒரு கோழி என்னைப் பார்த்துச் சீறியது.

“அட ஒக்காந்துகினு இருக்குது. பதிமூணு முட்ட” என்றார் அந்த அம்மாள்.

“முட்டைய ஒரு கூடையில மாத்தி வெச்சிக்கலாங்களா?”

“மாத்துனா ஒக்காராதுமா. எல்லாம் கூமுட்டயா போவும். இன்னா அவசரம் ஒனக்கு? குஞ்சு பொரிச்சதும் வந்து வாங்கினு போ. ஒத்த பைசா வேணாம்.”

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரங்கைச் சொன்னேன். அவர் யோசித்தார். “எம் பொண்ணுக்கும் வந்துச்சி சின்னதுல. வேப்பெல போட்டுக் குளிப்பாட்டு” என்று சொல்லிவிட்டு, கோழியைத் தொட விடவில்லை. அன்றைக்கு அது உட்கார்ந்து மூன்றாவது நாள். ஆக இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். வேறு எங்கேயும் அந்த வார்ப்பு இல்லை. காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆலை நிறுத்தத்திலிருந்து அந்த வீட்டுக்கு அரை கிலோமீட்டர். கூட வந்த அவர் நடந்து வருவதற்குள் நான் போய்ப் பேசிவிட்டுத் திரும்பியேவிட்டேன்.

அம்சவள்ளி


வெள்ளிமலை
19.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை. சளி பிடித்திருக்கிறது, மற்றபடி நலம். உங்கள் மூவர் நலத்தையும் எழுதவும்.

கோழிக் கதையைச் சாலம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிள்ளைகள் தினமும் காலையில் “சார், குஞ்சு பொரிச்சிடுச்சா?” என்று கேட்கிறார்கள்.

ஆனால் நான்கு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எட்டாவது படிக்கும் சங்கவியை அவள் அப்பா வந்து கூட்டிப்போனார். அவர் பெயர் கரியன். கைவிரல் இடுக்கெல்லாம் புண்ணாக அவளால் பேனா பிடிக்க முடியவில்லை. கரியன் கோபப்படவில்லை. “துணி சரியா தொவைக்கிற மாரி ஆனதும் சொல்லியனுப்பு சார். ஆனா பொரட்டாசி பாதியாவறதுக்குள்ள சொல்லு. அப்பால நாங்க காப்பித் தோட்டத்து வேலைக்குக் கெளம்பிடுவோம், புள்ளைய இங்க தனியா வுட முடியாது” என்றார். அப்படிப் போன பிள்ளைகளில் திரும்பி வந்தவர்கள் கம்மி.

மாமா அவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டாம். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இன்னும் ஒன்று எழுத இருந்தேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

தமிழழகன்


கள்ளக்குறிச்சி
28.08.2025

தமிழுக்கு,

சளிக்குத் தூதுவளை போட்டு ரசம் வைக்கச் சொல். நாங்கள் சுகம். நாளையோ மறுநாளோ குஞ்சு பொரிக்கும் என்று கொளஞ்சியம்மாள் சொல்லியனுப்பினார். போய்ப் பிரித்து எடுத்து வந்துவிடுவேன். புஷ் கடைந்து வந்துவிட்டது. சங்கவி அப்பாவிடம் தைரியமாகச் சொல், செப்டம்பர் நடுவில் மெஷின் ஓடும்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நேற்று சங்கராபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில் ரம்யாவைப் பார்த்தேன். நம் தெரு ரம்யா, என்னோடு படித்தவள். எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். முடி நரைத்துவிட்டது. எழுந்து வருவாள் போலிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் வீட்டை விட்டு வந்த அன்று அவர் தியாகதுருகம் பஸ் நிறுத்தத்தில் எனக்காக நிற்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளிடம் மட்டும்தான் சொன்னேன். நான் போய்ச் சேர்வதற்குள் பெரியப்பாவும் ஆட்களும் அங்கே போய்விட்டார்கள். முட்டியில் இரும்பால் அடித்தார்கள். பாண்டிச்சேரியில் மூன்று தடவை ஆபரேஷன் செய்தும் அந்தக் கால் மடங்கவில்லை. அடித்தவர்கள் மேல்கூட எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. நம்பிச் சொன்னவள் காட்டிக்கொடுத்தது மட்டும் குறையவில்லை.

உனக்கு இதெல்லாம் அப்போது தெரிந்திருக்காது. சின்னப் பையன்.

அம்சவள்ளி


வெள்ளிமலை
05.09.2025

அக்கா,

நீ நலமாக இரு.

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. ரம்யா அக்கா சொல்லவில்லை. நான் சொன்னேன்.

நீயும் அவளும் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் பேசியதை நான் கேட்டேன். கரும்புக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டு நின்றேன், நீங்கள் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் நீ இல்லை என்றதும் அப்பா முதலில் ரம்யா அக்கா வீட்டுக்குத்தான் போனார். எனக்குத் தெரியாது என்றாள். கன்னத்தில் அறைந்தார். அப்போதும் தெரியாது என்றாள். அப்பாவின் காலில் அவள் அம்மா விழுந்தார். நான் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைப் பார்த்து, “ஒனக்கு ஏதாச்சும் தெரியுமாடா?” என்றார். சொல்லிவிட்டேன்.

அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினேன். அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன், மேலே பார். தெரியும். பெரியப்பா டிராக்டரிலிருந்து கம்பியை உருவியதைப் பார்த்த பிறகும் பேசாமல் நின்றேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. சின்னப் பையன் இல்லை.

மெஷினுக்காகத்தான் முதல் கடிதம் எழுதினேன் என்று நினைத்திருப்பாய். உன் பெயரைக் கண்டக்டர் சொன்னதும் இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மெஷினைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது.

என் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்டாதே என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தமிழழகன்


கள்ளக்குறிச்சி
05.10.2025

தமிழழகன் தம்பிக்கு,

இருசப்பன் எழுதுவது. உங்கள் சுகத்துக்கும் பிள்ளைகள் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கோழி பதினோரு குஞ்சு பொரித்தது. டிரம் ஸ்பைடரோடு நல்லபடி இருக்கிறது. பேரிங், சீல் எல்லாம் செப்டம்பர் எட்டாம் தேதியே தயார். அன்றைக்குத்தான் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் அக்கா படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த டிரம்மைத் தொடவில்லை. மற்ற மெஷின் எல்லாம் பார்க்கிறாள். அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். நானும் ஒரு மாதம் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று தனுஷா கேட்டாள், “அந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க இன்னாம்மா ஆவும்?” என்று.

உங்கள் கடிதத்தைப் பற்றி எனக்கு எழுத வராது. வரும் ஞாயிறு முதல் பஸ்ஸில் நான் சாமானைக் கொண்டுவருகிறேன். பள்ளிக்கூடத்துக்கு ஏற நிறையப் படிக்கட்டு என்று கண்டக்டர் சொன்னார். எனக்கு ஏற ஆகாது. கீழே வந்து நிற்கவும். அவள் வருவாளா தெரியாது. கேட்கவில்லை.

இப்படிக்கு
இருசப்பன்


வெள்ளிமலை
14.10.2025

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

மழையில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? மாமாவுக்குக் கால் வீங்கவில்லையே?

மெஷின் ஓடுகிறது. இரண்டு நாளில் பதினான்கு தடவை ஓடியிருக்கிறது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. சத்தம் வெளியே வகுப்பறைக்குக் கேட்கவில்லை. சாலம்மாள் கண்ணாடிக் கதவு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளைக் கிட்டே விடுவதில்லை.

ஞாயிறன்று பஸ்ஸிலிருந்து மாமா இறங்கினார். அவர் பின்னால் டிரம்மைப் பிடித்தபடி நீ இறங்கினாய். அதைக் கீழே வைத்துவிட்டு நீ நேராகப் படியேறிப் போய்விட்டாய். டிரம்மை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து மாமாவை முதுகில் ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். “வேணாம் தம்பி, தோள குடு போதும்” என்றார். எழுபத்தொரு படி. ஒவ்வொரு படிக்கும் அந்தக் கால் எப்படி வெளியே வளைந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். அவர் வழியெல்லாம் மோட்டாரில் தேயும் கார்பன் பிரஷ்ஷைப் பற்றிப் பேசினார்.

ஆறு மணி நேரம் வேலை செய்தாய். என்னிடம் பேசியது இரண்டு தடவை. “டார்ச்ச இப்டி புடி.” “கைய எடு, நசுங்கிடும்.” சோறு போட்டபோது சாலம்மாளோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். சாப்பிட்டதே எனக்குப் போதும்.

காலியாக இருந்த கட்டிலைப் பற்றி நீ சாலம்மாளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. மற்ற மூன்று பேரும் திரும்பிவிட்டார்கள். சங்கவியைக் கூட்டிக்கொண்டு கரியன் குடும்பம் செப்டம்பர் கடைசியிலேயே குடகுக்குப் போய்விட்டது. அது உன்னால் இல்லை. தாமதம் என்னால் வந்தது, பதினாறு வருஷத்துக்கு முன்னாலிருந்து. அப்படித்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தமிழழகன்


கள்ளக்குறிச்சி
16.11.2025

தமிழுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். அவருக்குக் கால் இரண்டு நாள் வீங்கி வற்றியது.

சங்கவி விஷயத்தில் நீ சொன்ன கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. சாமான் தயாராக இருந்தது. சாக்குப் போட்டு மூடியது நான். அந்தப் பிள்ளை எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பொங்கலுக்குக் கரியன் வந்தால் எனக்குச் சொல்லியனுப்பு. நானே வந்து பேசுகிறேன். அந்தப் பெண் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் நேரில் போய்ப் பேசுவது என் வேலை.

ஒருத்தியிடம் போய்ப் பேசிவிட்டேன். சங்கராபுரத்தில் ரம்யா வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உன் மேல்தான் சந்தேகப்பட்டேன், பஸ்ஸில் பார்த்தும் திரும்பிக்கொண்டேன் என்று. அவள் எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“நீ என்னிய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பன், நான் இல்லன்னு. நீ கேக்கவே இல்லியே அம்சா.”

அடி வாங்கியதைப் பற்றி அவள் சொல்லவில்லை. நான் சொன்னபோது, “அதவுடு” என்றாள்.

பிறகு கேட்டாள், “இப்ப மட்டும் எப்டி தெரிஞ்சிது?”

“தம்பி எழுதுனான்.”

“அவனா எழுதுனானா? யாரும் கேக்காமயா?”

“ஆமாம்.”

“எழுதாம வுட்டிருந்தா கடேசி வரிக்கும் நான்தான்னு நெனச்சிருப்ப. நானும் நீ எதுக்குப் பேசமாட்டேங்கறன்னு தெரியாமயே செத்திருப்பன்” என்றாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். முறுக்கு மாவு காய்ந்துவிட்டது என்று அவள் மாமியார் உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், கூட வந்திருந்த அவரைக் கேட்டேன், உனக்குத் தமிழு மேல கோபம் இல்லியா என்று. “இருந்துச்சி. படி ஏறும்போது அவன் தோளு நடுங்கிகினே இருந்துச்சி. அதுக்கப்புறம் என்னத்த கோவம்” என்றார். அவருக்கு ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. ராத்திரி அவர் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது ஆறாது. ஆறிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். நீ பொய்யை அடித்துவிட்டு எழுதினாய், நானும் அப்படியே எழுதுகிறேன்.

கார்த்திகை தீபத்துக்கு வா. அம்மாவுக்குப் பஸ்ஸில் வர முடியும் என்றால் கூட்டிக்கொண்டு வா. ரம்யாவும் வருகிறேன் என்றிருக்கிறாள். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நீதான் யோசித்துக்கொள்ள வேண்டும். தனுஷாவுக்கு மாமா என்று ஒருவர் இருப்பது போன மாதம்தான் தெரியும், கேள்வி நிறையக் கேட்பாள்.

சோறு உண்டு. நான் பேசுவது கம்மியாகத்தான் இருக்கும். அதற்காக வராமல் இருந்துவிடாதே.

அக்கா
அம்சவள்ளி